பார்லியும் உப்புக் காற்றும்

நவம்பர் இருபத்தொன்றில் மலைக்குப் பின்னால் போன சூரியன்
ஜனவரி இருபத்தொன்றில்தான் ட்ரொம்சோவுக்குத் திரும்பும்.
நான் பெயிண்ட் வாங்கப் போனது
நவம்பர் இருபத்திரண்டில்.

கடைக்காரர் கெயிர்
இரண்டு சின்ன டப்பாக்களை மேசைமேல் வைத்தார்.
ஒன்றின் பெயர் பார்லி. மற்றது உப்புக் காற்று.
இரண்டும் வெள்ளைதானே என்று கேட்டுவிட்டேன்.
இரட்டையரில் ஒருத்தியை
மற்றவள் பெயரால் கூப்பிட்டதுபோல் பார்த்தார்.
வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவள் நான்,
அவர் அப்படியில்லை.
"பகல் வெளிச்சத்தில் பார்த்து முடிவெடுங்கள்" என்றவர்
சுவரிலிருந்த நாள்காட்டியைப் பார்த்தார்,
பேசாமல் பில்லைக் கிழித்துக் கொடுத்தார்.

சன்னலுக்கு எதிர்ச்சுவரில்
செய்தித்தாள் அகலத்துக்கு இரண்டு சதுரம் பூசினேன்.
இடது பார்லி. வலது உப்புக் காற்று.
நடுவில் ஒரு சாண் பழைய சுவர்.

குண்டு பல்பின் கீழ் இரண்டும் வெண்ணெய்.
குழல் விளக்கின் கீழ் இரண்டும் ஆஸ்பத்திரி.
மத்தியானம் பன்னிரண்டுக்கு
வானம் ஒரு மணி நேரம் நீலமாகக் கசியும்.
அப்போது மட்டும் வலது சதுரம்
சுவரிலிருந்து ஓரடி பின்வாங்கி
வேறு யாருடைய வீட்டிலோ இருப்பதுபோல் நிற்கும்.
அது எனக்குப் பிடித்திருந்தது.
ஏன் பிடித்தது என்று
நான் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

எய்லிஃப் பாரன்ட்ஸ் கடலில் மீன்பிடிக் கப்பலில் இருந்தான்.
படம் அனுப்பினேன்.
மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது: இடது நல்லா இருக்கு.
எந்தப் பக்கம் நின்று பார்த்தால் இடது?
சுவர் பக்கம் நின்றா, என் பக்கம் நின்றா?
அலைக்கு நடுவே கேட்கிற கேள்வியா இது.
கேட்டேன்.
அவன் ஒரு கட்டைவிரல் அனுப்பினான்.

அந்த அறைக்கு 'வேலை அறை' என்று பெயர் வைத்திருக்கிறோம்.
ஆனால் நடைவழியில்
அட்டைப்பெட்டியில் கிடப்பது மேசை இல்லை.
ஒற்றைக் கட்டில்.
குறட்டைதான் காரணம் என்று
தோழி ஊன்னியிடம் சொல்லியிருக்கிறேன்.
அவன் வருஷத்தில் ஏழு மாதம் கடலில்
என்று அவளுக்கும் தெரியும்.
அவள் சதுரங்களைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள்,
"தூங்குவதற்கு மஞ்சள் கலந்ததுதான் நல்லது" என்றாள்,
காப்பியை மிச்சம் வைத்துவிட்டுப் போனாள்.

டிசம்பர் முழுக்க
கையில் டார்ச்சுடன் அந்தச் சுவர்முன் நின்றிருக்கிறேன்.
ஓரங்களில் உலர்ந்த தூரிகைக் கோடுகளை
விரல்நுனியால் தடவித் தடவி
எது எது என்று கண்ணை மூடிச் சொல்லவும் பழகிவிட்டேன்.
பார்லி கொஞ்சம் சொரசொரப்பு.

ஜனவரி இருபத்தொன்றில்
ஊரே ஜாம் பன் தின்று சூரியனை வரவேற்றது.
என் சன்னலுக்கு அது வந்து சேர
இன்னும் ஆறு நாள் ஆனது.
எய்லிஃப் முந்தின இரவே வந்திருந்தான்,
டீசல் வாடையும் பிளந்த உதடுமாக.
அறை வாசலில் சாக்ஸோடு நின்றான்.

நான்கு நிமிஷ வெயில்.
பார்லி ரோஜாவானது. உப்புக் காற்றும் ரோஜாவானது.
இரண்டு மாதக் கணக்கு
ஒரே வீச்சில் அழிந்தது.

அவன் போய்
நடுவிலிருந்த ஒரு சாண் சுவரில் கையை வைத்தான்.
"இது எந்த டப்பா? இது நல்லா இருக்கே."

எட்டு வருஷமாக நான் மூடத் துடிக்கிற நிறம் அது.
குடிவந்த வாரம்
காசில்லாமல் தள்ளுபடியில் வாங்கி
இரண்டு பேருமாகப் பூசினோம்.
கூரையோரம் அவன் விட்டுவிட்ட திட்டு
இன்னும் அப்படியே இருக்கிறது.

சொல்லலாம் என்று வாயெடுத்தேன்.
வெயில் அதற்குள்
எதிர்வீட்டுக் கூரைக்குப் போய்விட்டது.

நேற்று பத்து லிட்டர் பார்லிக்குச் சொல்லிவிட்டேன்.
கெயிர் நிறத்தை இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டார்.
வலது சதுரத்தின்மேல் மட்டும்
இன்னும் தூரிகையை வைக்க மனசில்லை,
அங்கே அலமாரி வரும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.
கட்டில் பெட்டி பிரிக்கப்படவில்லை.
அதன்மேல் காய்கின்றன
எய்லிஃபின் ஈரக் கையுறைகள்.